மாடு மேய்க்கிற புத்தி

"நீயெல்லாம் மாடு மேய்க்கத்தான்டா லாயக்கு."

தமிழ்நாட்டில் பள்ளிக்கூடத்துக்குப் போய்வந்த எவரும் இந்த வாக்கியத்தைக் கேட்காமல் தப்பியிருக்க மாட்டார்கள். கணக்கைத் தப்பாகப் போட்டவனுக்கு, ஒப்புவிக்கத் தெரியாமல் முழித்தவனுக்கு, பீஸ் கட்ட நாளாகிப்போனவனுக்கு என்று எல்லோருக்கும் பொதுவாக எறியப்படுகிற வசை. பொதுவாகத் தெரிகிறதே ஒழிய, விழுகிற இடத்தில் ஒன்றுபோல விழுவதில்லை. ஊர்த்தெருப் பையனிடம் சொல்லும்போது அது, உன் இடத்திலிருந்து கீழே போய்விடுவாய் என்கிற எச்சரிக்கை. சேரிப் பையனிடம் சொல்லும்போது, உன் இடம் எதுவென்று எனக்குத் தெரியும் என்கிற தகவல்.

என்னிடம் இதைச் சொன்ன வாத்தியாருக்கு ஒரு விஷயம் தெரிந்திருக்காது. அய்ந்தாம் வகுப்பில் நான் எழுந்து நின்று திட்டு வாங்கிக்கொண்டிருந்த அதே நேரத்தில், எங்க அய்யா கண்மாய்க்கரையில் சம்சாரி ஒருத்தர் வீட்டு மாடுகளை மேய்த்துக்கொண்டுதான் இருந்தார். ராத்திரி கஞ்சி குடிக்கையில், "அய்யா, லாயக்குன்னா என்னய்யா?"ன்னு கேட்டேன். "தகுதின்னு அர்த்தம்டா"ன்னார். எதுக்குக் கேக்குறேன்னு அவர் கேட்கலை. நானும் சொல்லலை.

தகுதி! பின்னாளில் 1990இல் மண்டல் பரிந்துரைகளை எதிர்த்துத் தெருவுக்கு வந்தவர்கள் 'தகுதி, திறமை' என்று கத்தியபோது எனக்கு அந்த ராத்திரிதான் ஞாபகத்துக்கு வந்தது.

சரி, மாடு மேய்க்க என்ன தகுதி வேண்டும் என்றும் ஒருமுறை பார்த்துவிடலாம். மழை பொய்த்து வாடி நிற்கிற இளஞ்சோளத்தில் மாடு வாயை வைத்தால் கொஞ்ச நேரத்தில் விழுந்து செத்துப்போகும். அதே சோளம் முற்றிக் காய்ந்து தட்டையானால் அதுதான் கோடைக்குத் தீனி. எது எந்த நிலையில் நிற்கிறது என்று வரப்பிலிருந்து பார்த்தே சொல்லவேண்டும். காலை ஈரத்தில் பயறுப் பச்சையை வயிறுமுட்டத் தின்ற மாட்டுக்கு இடதுபக்க விலா தூக்கும். அதை முதலில் கண்டுபிடிக்கிறவன் மேய்க்கிறவன்தான், மாட்டு டாக்டர் அல்ல. எந்தப் பசு பருவத்துக்கு வந்திருக்கிறது, எது சினை, எது அடுத்தவன் வெள்ளாமையைப் பார்த்தால் நடையை மாற்றும் என்பதெல்லாம் தெரிந்திருக்க வேண்டும். தெரியாமல் விட்டால் மாடு பவுண்டுக்குப் போகும், மேய்க்கிறவன் முதுகுத்தோல் உரியும். எனவே எந்தப் புஞ்சை யாருடையது, எந்தச் சாதிக்காரன் எவ்வளவு அடிப்பான் என்கிற ஞானமும் இதில் சேர்த்திதான். அய்யா மாடுகளை எண்ணி நான் பார்த்ததில்லை. அடைகிற நேரத்தில் ஒரு பார்வை. "வெள்ளைக் கெடேரியக் காணோமே" என்பார். ஒன்று குறைகிறது என்று அல்ல, இன்னது இல்லை என்று தெரியும் அவருக்கு.

இதையெல்லாம் அறிவு என்று சொல்லாமல் 'பழக்கம்' என்று நம்மையே சொல்லவைத்தது எது? இதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி.

சொற்களிலிருந்து தொடங்கலாம். எழுத்துத் தமிழில் அறிவு என்பது காதும் வாயும் சம்பந்தப்பட்ட சமாச்சாரம். திருக்குறளில் கல்வி, கல்லாமை, கேள்வி, அறிவுடைமை ஆகிய நான்கும் 40 முதல் 43 வரை அடுத்தடுத்த அதிகாரங்கள். உழவு 104இல் வருகிறது. உழவை வள்ளுவர் உயர்த்தித்தான் பேசுகிறார், மறுக்கவில்லை. ஆனால் அறிவுடைமைக்குப் பக்கத்தில் அதற்கு இடம் இல்லை. இந்தத் திருக்குறளின் ஏட்டை எல்லிஸ் துரையிடம் சேர்த்தவர் ஹாரிங்டன் என்கிற துரையிடம் பட்லராயிருந்த தமது பாட்டனார் கந்தப்பன் என்று அயோத்திதாசப் பண்டிதர் எழுதியிருக்கிறார். சமையற்கட்டில் நின்றவர் வீட்டில் ஏடு இருந்தது என்கிற செய்தியே நமது பொதுப்புத்திக்கு ஒவ்வாத செய்தி. அதனால்தான் அயோத்திதாசர் 1907இல் பத்திரிகை தொடங்கி எழுதியது பெருந்தொகுப்பாக வருவதற்கு 1999 வரை ஆகியிருக்கிறது.

சேரியில் வேறு சொற்கள் புழங்குகின்றன. வெவரம், பக்குவம், கைவாட்டம், நிதானம். 'வெவரமான புள்ள' என்றால் நிறையத் தெரிந்த பிள்ளை என்று மட்டும் பொருளில்லை. யாரிடம் எதைப் பேசக்கூடாது என்று தெரிந்த பிள்ளை. 'பக்குவம்' என்பது பறையைத் தீயில் காட்டுகிறபோது எந்த நொடியில் எடுக்கவேண்டும் என்பது. ஒரு வினாடி முந்தினால் தொப்பென்று கேட்கும், பிந்தினால் தோல் போய்விடும். இதை யாரும் யாருக்கும் பாடமாகச் சொல்லித்தருவதில்லை. சிறுபிள்ளை முதலில் சுள்ளி பொறுக்கிவரும், அப்புறம் தீ போடும், அப்புறம் பறையைப் பிடிக்கும். அடி என்பது அதற்கும் அப்புறம். தப்பாக அடித்தால் கூட அடிக்கிறவர் முறைப்பார், அவ்வளவுதான். மதிப்பெண் கிடையாது. அந்த முறைப்பே போதும், ஒருவாரம் தூக்கம் வராது.

இங்கே ஒரு இடைச்செருகல். 'மடையன்' என்கிற வசை, மடை திறக்கிறவனைக் குறித்து வந்தது என்று நமது மேடைகளில் அடிக்கடி சொல்லுகிறார்கள். கைதட்டலும் கிடைக்கிறது. எனக்கு இதில் நம்பிக்கையில்லை. மடமை என்கிற சொல் பழைய இலக்கியங்களிலேயே அறியாமைக்கு வழங்கிவருகிறது. மடையன் என்றால் சமையற்காரன் என்றும் ஒரு பொருள் உண்டு. சொல்லாராய்ச்சி செய்துதான் நாம் அவமதிக்கப்பட்டதை நிரூபிக்க வேண்டும் என்பதில்லை. மடையில் நடந்ததைச் சொன்னாலே போதும்.

தென்மாவட்டங்களில் கண்மாய் மடையைத் திறந்து, அடைத்து, வயல்வயலாகத் தண்ணீரைப் பங்கிட்டுக் கொண்டுபோன மடைக்குடும்பர்களும் நீர்ப்பாய்ச்சிகளும் பெரும்பாலும் நம்மவர்கள். வடக்கே நீர்க்கட்டி என்பார்கள். தண்ணீருக்குள் மூழ்கி மடை அடைப்பை எடுக்கவேண்டும். எத்தனை விரற்கடை திறந்தால் கடைமடைக்குப் போய்ச்சேர எத்தனை நாழிகையாகும் என்பது வேண்டும். கண்மாயில் கிடக்கிற தண்ணீரைப் பார்த்து, இந்த வருசம் எத்தனை தண்ணி கட்டலாம், எந்த வயலை இப்போதே கைவிட்டுவிடலாம் என்று சொல்லவேண்டும். சொந்தமாகக் குழி நிலம் இல்லாதவன் கையில் இது ஏன் விடப்பட்டது? நிலம் இல்லாதவன்தான் தன் வயலுக்குத் தண்ணீரைத் திருப்பமாட்டான். அவனுடைய கணிதம் ஊருக்கு வேண்டியிருந்தது, அவன் நிலமற்றிருப்பதும் வேண்டியிருந்தது. நிலம் அளக்கையிலும் இதே கதைதான். கோலைப் பிடித்து வெயிலில் வயலுக்குள் நடந்தவன் வெட்டியான், மரத்தடியில் உட்கார்ந்து ஓலையில் குறித்தவன் கணக்கன். அளந்தவனுக்குக் கூலி, எழுதியவனுக்குக் கணக்கப்பிள்ளை என்கிற பட்டம்.

கணக்கனை உருவாக்கியது திண்ணைப் பள்ளிக்கூடம். எண்சுவடி, நெல்லிலக்கம், பொன்னிலக்கம் எல்லாம் நெட்டுருப் போட்டு, மணலில் விரலால் எழுதி, சட்டாம்பிள்ளையிடம் ஒப்புவித்துப் பழகிய கல்வி. இந்த நெட்டுருவை வெறும் கிளிப்பிள்ளைத்தனம் என்று தள்ளமுடியாது. நினைவையே ஒரு கணக்கிடும் கருவியாக அது பழக்கியது என்பதை து. செந்தில் பாபு விரிவாக ஆராய்ந்திருக்கிறார் (அவருடைய ஆங்கில நூல் 2022இல் வந்தது). ஆனால் அந்தத் திண்ணை யார் வீட்டுத் திண்ணை? 1826இல் சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ தொகுத்த கணக்கின்படி மாகாணத்தில் 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள். தரம்பால் 1983இல் இந்த ஆவணங்களை வெளியிட்டு, வெள்ளைக்காரன் வருமுன் இங்கே சூத்திரர் பிள்ளைகள்தான் பெரும்பாலும் படித்தார்கள் என்று காட்டினார். அன்றிலிருந்து காந்தியர்களும் காவிகளும் அந்த 'அழகிய மர'த்தடியில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். மன்றோவின் பட்டியலில் பிராமணருக்கு ஒரு கட்டம், வைசியருக்கு ஒரு கட்டம், சூத்திரருக்கு ஒரு கட்டம், முஸ்லிம்களுக்கு ஒரு கட்டம். நமக்கு? 'ஏனைய சாதிகள்'. பறையன், பள்ளன், சக்கிலியன் எத்தனை பேர் திண்ணையில் ஏறினார்கள் என்று அந்தக் கட்டத்திலிருந்து பிரித்துக்கூடப் பார்க்கமுடியாது.

பள்ளிக்கூடக் கதவு ஒருவழியாகத் திறந்தபிறகு என்ன நடந்தது என்பதற்குத் தலித் தன்வரலாறுகளைவிடச் சிறந்த ஆவணம் இல்லை. இலக்கிய விமர்சகர்கள் அவற்றைத் துயரக் கதைகளாக மட்டும் படித்து உச்சுக்கொட்டிவிட்டுப் போகிறார்கள். கல்வி பற்றிய கோட்பாட்டு நூல்களாக அவற்றைப் படிக்கவேண்டும் என்பது என் கட்சி. ஓம்பிரகாஷ் வால்மீகியின் 'ஜூட்டன்' 1997இல் இந்தியில் வந்தது. அதில் ஒரு வகுப்பறைக் காட்சி. துரோணர் வறுமையால் பிள்ளைக்குப் பாலுக்குப் பதில் மாவைக் கரைத்துக் கொடுத்த கதையை வாத்தியார் உருக்கமாகச் சொல்லுகிறார். பையன் எழுந்து கேட்கிறான்: எங்களுக்குப் பாலுக்குப் பதில் கஞ்சித்தண்ணிதானே, எங்களைப் பற்றி ஏன் எந்தக் காவியத்திலும் ஒன்றுமே இல்லை? கேட்டதற்கு முதுகில் பிரம்படி விழுகிறது. பாடத்தைத் தன் வாழ்க்கையோடு பொருத்தி, பாடத்திலேயே இல்லாததைக் கண்டுபிடித்துக் கேட்கிற அந்தக் கேள்வியைக் கல்வியியல் புத்தகம் எதில் வைத்துப் பார்த்தாலும் உயர்ந்த அறிவு என்றுதான் சொல்லும். வகுப்பறை அதைத் திமிர் என்றது. மேல்சாதிப் பிள்ளை கேட்டால் சூட்டிகை, நம்ம பிள்ளை கேட்டால் வாய்க்கொழுப்பு. பேசாமல் இருந்தாலோ மக்கு.

பாமாவின் 'கருக்கு' (1992) இதற்கு மறுபக்கம். நன்றாகப் படிக்கிற பிள்ளை. ஆனால் தேங்காய் ஒன்று விழுந்த விவகாரத்தில் கள்ளியாக்கப்படுகிறாள். படிப்பு ஒரு தட்டில், சாதி ஒரு தட்டில் என்றால் தராசு எந்தப் பக்கம் சாயும் என்பதைத் தலைமையாசிரியர் ஒரே நாளில் கற்றுக்கொடுத்துவிடுகிறார். அம்பேத்கரின் பள்ளி வாழ்க்கையிலும் ஒரு கரும்பலகைக் கதை உண்டு. கணக்குப் போட அவரைப் பலகைக்குக் கூப்பிட்டதும் மற்ற மாணவர்கள் கூச்சல் போட்டு ஓடிவந்தார்கள். பலகைக்குப் பின்னால் அவர்களுடைய சாப்பாட்டுச் சம்படங்கள் இருந்தன, தீட்டாகிவிடும். அவர் கணக்கைச் சரியாகப் போட்டாரா என்பதை அன்றைக்கு யார் கவனித்திருப்பார்கள்? அறிவைக் காட்டுவதற்கு முதலில் பலகைப் பக்கம் போகவேண்டும்.

'அதெல்லாம் அந்தக் காலம், இப்ப எவன் பாக்குறான்' என்று சொல்லுகிறவர்களுக்காக இரண்டு ஆய்வுகள். கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே இருவரும் உத்தரப்பிரதேசக் கிராமத்துப் பையன்களிடம் சுற்றுவழிப் புதிர்களைக் கொடுத்துப் பார்த்தார்கள் (2006இல் வெளியானது). சாதியைச் சொல்லாதபோது மேல்சாதிப் பையன்களும் தலித் பையன்களும் ஏறத்தாழ ஒரே அளவு போட்டார்கள். பேரையும் சாதியையும் எல்லோர் முன்னாலும் வாசித்தபிறகு தலித் பையன்கள் போட்டது கணிசமாகக் குறைந்துபோனது. அந்த அரைமணி நேரத்தில் மூளை மாறிவிடவில்லை. வாசிக்கப்பட்ட சாதி மட்டுமே புதிதாக வந்தது.

இரண்டாவது ஆய்வு நம்மைச் சுடும். ரீமா ஹன்னா, லீ லிண்டன் ஆகியோர் 2012இல் வெளியிட்டது. குழந்தைகளின் விடைத்தாள்களில் சாதியைக் குலுக்கிப்போட்டு எழுதி ஆசிரியர்களிடம் திருத்தக் கொடுத்தார்கள். கீழ்ச்சாதி என்று எழுதப்பட்ட தாளுக்கு மதிப்பெண் குறைந்தது. சிறிதளவுதான், ஆனால் குறைந்தது. அப்படிக் குறைத்ததில் கீழ்ச்சாதி ஆசிரியர்கள்தான் முக்கியப் பங்கு வகித்தார்கள் என்றும் அவர்கள் கண்டார்கள். நமது தோழர்கள் பலர் இந்த ஆய்வின் முதல் பாதியை மட்டும் மேற்கோள் காட்டுவதைப் பார்த்திருக்கிறேன். பின்பாதியை மறைத்து நமக்கு என்ன ஆகப்போகிறது? இருபது வருசம் மாடு மேய்க்கத்தான் லாயக்கு என்று கேட்டு வளர்ந்தவன் வாத்தியாராகி நாற்காலியில் உட்கார்ந்தால், அந்த நாற்காலியின் பாசைதான் அவன் வாயிலும் வரும். எங்கள் தெருவிலிருந்து போய் ஆசிரியரானவர்களில் எத்தனை பேர் அதே வாக்கியத்தைச் சொல்லுகிறார்கள் என்று எனக்குத் தெரியும். நானும் ஒருநாள் சொல்லியிருக்கிறேன்.

அளவுகோல்களின் சரித்திரத்தை நீட்டி எழுத இங்கே இடமில்லை. 1905இல் பாரிசில் ஆல்ஃபிரெட் பினே தயாரித்தது, கூடுதல் உதவி தேவைப்படும் பிள்ளைகளைக் கண்டுபிடிக்க ஒரு வழி. அதை அமெரிக்காவுக்குக் கொண்டுபோனவர்கள் பிறவி அறிவை அளக்கும் தராசாக்கினார்கள். 1917இல் படைக்கு ஆள் சேர்க்கையில், எழுதப்படிக்கத் தெரியாதவர்களுக்கு என்று வைத்த சோதனையில், வலை இல்லாத டென்னிஸ் மைதானத்தின் படத்தைக் காட்டி என்ன குறைகிறது என்று கேட்டார்கள். டென்னிஸையே பார்த்திராத குடியேறிக்கு என்ன தெரியும்? அவன் மந்தபுத்திக்காரன் ஆனான். அந்த எண்களை வைத்து இன உயர்வுதாழ்வு பேசிப் புத்தகம் எழுதிய கார்ல் பிரிகாம், 1930இல் தானே அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். அதற்குள் 1924இன் குடியேற்றச் சட்டம் வந்துவிட்டிருந்தது. நமது ஊரிலும் டென்னிஸ் வலைகள் உண்டு. 2017இல் அரியலூர் மாவட்டத்து மாணவி ஒருவர் பிளஸ் டூவில் 1200க்கு 1176 எடுத்தார். நீட் தேர்வு அவரை லாயக்கில்லை என்றது. அந்தப் பெண் இன்று இல்லை.

லைபீரியாவில் கெப்பெல்லே மக்களிடம் நடந்த ஒரு கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். பழம், கத்தி, கிழங்கு, மண்வெட்டி என்று பொருள்களைக் கொடுத்து வகைபிரிக்கச் சொன்னார்கள். கத்தியையும் பழத்தையும் சேர்த்து வைத்தார் ஒருவர், கத்திதானே பழத்தை அறுக்கும். புத்திசாலி இப்படித்தான் வைப்பான் என்றும் சொன்னார். சலித்துப்போன ஆய்வாளர், சரி, முட்டாள் எப்படி வைப்பான் என்று கேட்டார். கருவி தனி, பழம் தனி என்று பாடப்புத்தகத்தில் உள்ளபடியே பிரித்து வைத்துக் காட்டினாராம்! எங்க அய்யாவும் அப்படித்தான் வைத்திருப்பார்.

இந்த இடத்தில்தான் கவனமாக இருக்கவேண்டியிருக்கிறது. மேய்ப்பதும் அளப்பதும் பறையடிப்பதும் அறிவுதான் என்று இவ்வளவு தூரம் சொன்னேன். ராஜாஜி உயிரோடிருந்தால், 'அதைத்தானே நானும் சொன்னேன்' என்பார். 1953இல் அவர் கொண்டுவந்த திட்டத்தில் கிராமத்துத் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கு மூன்று மணிநேரம் பள்ளி, மீதிநேரம் அப்பன் தொழில். பெரியார் அதைக் குலக்கல்வித் திட்டம் என்று பேர் வைத்து எதிர்த்தார். 1954இல் ராஜாஜி பதவி விலக, காமராசர் ஆட்சியில் திட்டம் கைவிடப்பட்டது. அதற்கு முன்னால் 1937இல் வார்தாவில் காந்தி கைத்தொழில் வழிக் கல்வி என்றார். 2023இல் ஒன்றிய அரசின் விஸ்வகர்மா திட்டம் 18 தொழில்களைப் பட்டியலிட்டு வந்தபோது, குடும்பத் தொழில் என்கிற நிபந்தனையைச் சுட்டிக்காட்டித் தமிழ்நாடு அரசு ஏற்க மறுத்தது. ஒவ்வொரு முறையும் உழைப்பின் பெருமை பேசப்படும். ஒவ்வொரு முறையும் அந்தப் பெருமை நம் பிள்ளைகளுக்கு மட்டும் ஒதுக்கப்படும்.

காஞ்ச அய்லய்யா 1996இல் 'நான் ஏன் இந்து அல்ல' எழுதியபோது, உற்பத்தி செய்கிற சாதிகளின் அறிவை மையத்தில் வைத்தார். எங்கள் தலைமுறைக்கு அந்தப் புத்தகம் பெரிய திறப்பு. ஆனால் அதைப் படித்துவிட்டு நமது இதழ்களில் எழுதப்பட்ட 'தலித் அறிவு', 'மண்ணின் ஞானம்' வகைக் கட்டுரைகளில் ஒரு வசதியான மறதி இருக்கிறது. எழுதியவர்கள் எல்லோரும் அந்த வேலையிலிருந்து வெளியே வந்தவர்கள், நான் உட்பட. மடைக்குடும்பர் மகன் மின்வாரியத்தில் வேலை கேட்கிறான். எங்க அய்யா தனக்குத் தெரிந்ததில் ஒன்றைக்கூட எனக்குக் கற்றுத்தரவில்லை. வேண்டுமென்றே தரவில்லை. லீவு நாளில் மாட்டுக்குப் பின்னால் போனால் கல்லெடுத்து எறிந்து விரட்டுவார். தன்னுடைய அறிவு தன்னோடு செத்துப்போகவேண்டும் என்று ஒரு மனிதன் விரும்பினானென்றால், அந்த அறிவு எவ்வளவு பெரியது என்று நான் எழுதுகிற கட்டுரை அவருக்கு என்னவாகப் படும்? இந்தக் கேள்விக்கு அய்லய்யாவிடமும் பதில் இல்லை, என்னிடமும் இல்லை. அறிவு என்று ஒத்துக்கொள்ளவும் வேண்டும், அதிலிருந்து விடுபடவும் வேண்டும். இரண்டில் ஒன்றை எடுத்துக்கொண்டு கட்டுரை எழுதுவது சுலபம்.

எங்கள் தெருவில் இரவுப்பள்ளி நடத்தினோம். பள்ளிக்கூடத்தில் பின்னமே வராத ஒரு பையன் இருந்தான். முக்கால், அரைக்கால் என்றாலே தலையைக் குனிந்துகொள்வான். அவனுடைய சித்தப்பா மாட்டுக்கறிக் கூறு போடுகிறவர். ஞாயிற்றுக்கிழமை பையன்தான் பக்கத்தில் உட்கார்ந்து பிரிப்பான். இருபத்திமூன்று வீடு. ஒவ்வொரு கூறிலும் ஈரல் கொஞ்சம், கொழுப்பு கொஞ்சம், எலும்பு இவ்வளவு, சதை இவ்வளவு. இரண்டு வீட்டுக்கு அரைக்கூறு, ஒரு வீட்டுக்கு ஒன்றரை. தராசு கிடையாது. எந்த வீடும் சண்டைக்கு வந்ததில்லை. பிரேசிலில் ரெசிபே நகரத்துத் தெருவில் பொருள்கள் விற்ற சிறுவர்கள் வியாபாரத்தில் 98 விழுக்காடு கணக்குகளைச் சரியாகப் போட்டதும், அதே கணக்குகளைத் தாளில் வெறும் எண்களாகக் கொடுத்தபோது 37 விழுக்காட்டுக்கு இறங்கியதும் 1985இல் வெளியான ஆய்வில் படித்திருந்தேன். அந்தத் தைரியத்தில் இந்தக் கூறு கணக்கையே நோட்டில் எழுதச் சொன்னேன். மொத்தக் கறி இவ்வளவு, கூறு இத்தனை, அரைக்கூறு வீட்டுக்கு எவ்வளவு?

பையன் பேனாவைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். பிறகு மெதுவாகக் கேட்டான்: "அண்ணே, நோட்ட டீச்சர் பாக்குமே. கறின்னு எழுதணுமா?"

"என்னன்னு எழுதுவ?"

கொஞ்சம் யோசித்துவிட்டு மாம்பழம் என்று எழுதினான். இருபத்திமூன்று வீட்டுக்கும் மாம்பழம், அரைக்கூறு மாம்பழம், ஒன்றரைக்கூறு மாம்பழம். விடை சரியாக வந்தது. சிவப்பு மையில் ஒரு டிக் போட்டேன். மாம்பழத்தை அடிக்கலாமா என்று பேனாவை வைத்துக்கொண்டு ரொம்பநேரம் இருந்தேன். அடிக்கவில்லை.